இடமாற்றம் திங்கட்கிழமை முதல்

ஸ்கார்பெக்
5 நவம்பர் 2008, புதன்

பெரிலுக்கு,

எட்டு வருடம் கழித்து உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை என்பதுதான் என் தலையெழுத்து.

ஆகஸ்டில் தெல்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் அசைவில்லை. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிச்சம். 'டீ வேணுமா?' என்றால் 'இல்ல' என்பாள். கொடுத்தால் கடைசிச் சொட்டுவரை குடிப்பாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறது. படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கழிமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

'பராமரிப்புத் தொகுப்பு' அனுப்புகிறோம் என்று நீ வேலை பார்த்த அதே நலத்துறை அலுவலகத்தில் சொன்னார்கள். தபால்காரன் கொண்டுவருவான் என்று இரண்டு நாள் வாசலில் நின்றேன். வந்தது கெர்ரி என்கிற ஒரு பெண்ணும் ஒரு மஞ்சள் ஃபைலும். அந்த ஃபைலில் எனக்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார்கள்: 'முறைசாராப் பராமரிப்பாளர்'. நாற்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சர்ச்சில் பாதிரியார் முன்னிலையில் முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவன் நான். நானா முறைசாராதவன்?

சிரிக்காதே. விஷயம் இனிமேல்தான். அதே ஃபைலில், இடமாற்றம் பதினேழாம் தேதி திங்கட்கிழமை முதல் என்று போட்டிருக்கிறது. கண்ணாடி போட்டுத்தான் படித்தேன். கெர்ரியைக் கேட்டேன். அவள் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஆமா நாரிஸ், திங்கக்கிழமைதான். நாங்க ரெண்டு பேரா வந்துடுவோம். பயப்படாதீங்க, அவங்களுக்கு வலிக்காது" என்கிறாள். வலிக்காதாம்!

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று உஷாராகி நாளை முன்னால் தள்ளிவிடுவார்கள். அந்தக் காகிதத்தையும் உனக்குப் படியெடுத்து அனுப்பப் போவதில்லை. உங்கள் அலுவலகக் காகிதத்தை ஒருமுறை நம்பியாயிற்று. 'ஓய்வுத் தங்கல், ரெண்டே வாரம்' என்றுதானே அம்மாவைக் கொண்டுபோனீர்கள்? பதினொரு மாதம் ஓய்வெடுத்துவிட்டுப் பெட்டியில் வந்தாள். படிவத்தைத் தட்டச்சு அடித்தது உன் விரல்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உள்ளே இருந்தவள் நீ. இடமாற்றத்தைத் தடுக்க என்ன செய்ய வேண்டும்? தொலைபேசி வேண்டாம், எனக்கு அதில் இரைச்சல்தான் கேட்கிறது. எழுது. பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.

நாரிஸ்


அன்ஸ்ட் தீவு
8 நவம்பர், சனி

அன்புள்ள அண்ணா,

தபால்காரர் மத்தியானம் கொடுத்தார். அவசரத்தில் உறையைக் குறுக்கே கிழித்துவிட்டேன். அண்ணிக்கு இப்படி ஆகி மூன்று மாதம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அதைப் பற்றி இப்போது அழப் போவதில்லை. நாலு மணிக்குத் தபால் வண்டி போய்விடும், அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

வாயால் சொல்லாதே. கத்தவும் கத்தாதே. உன் குணம் எனக்குத் தெரியும். நீ கத்தினால் 'குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொள்வார்கள். நீ எழுது. ஃபைலின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், இந்த வாக்கியத்தை அப்படியே எழுது:

'என் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் என் மனைவிக்கு எந்த இடமாற்றமும் செய்யக் கூடாது.'

கீழே கையெழுத்து, தேதி. பத்தொன்பது வருடம் நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன் அண்ணா. எழுத்தில் மறுப்பு இருந்தால் கூட்டம் போடாமல் யாரும் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார்கள். கூட்டம் போட மாதங்கள் ஆகும். ஒருவேளை அண்ணியையே நேராகக் கேட்பார்கள். அவளால் 'இல்லை' மட்டும்தான் சொல்ல முடிகிறது என்றால் அது இந்த விஷயத்தில் நமக்கு நல்லதுதான்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். எட்டு வருடமாக நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்ட பதில் ஒன்று இருக்கிறது. இப்போது வேண்டாம்.

பெரில்


ஸ்கார்பெக்
18 நவம்பர், செவ்வாய்

பெரில்,

ஜெயித்துவிட்டோம்!

நேற்றுக் காலை ஒன்பதரைக்கு இரண்டு பேரும் வந்தார்கள். நான் ஃபைலை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கதவில் நின்றேன். கெர்ரி படித்தாள். கூட வந்தவளும் படித்தாள்.

"நாரிஸ், நெசமாவா? இடமாற்றம் வேண்டாம்னா சொல்றீங்க? அவங்க நல்லதுக்குத்தானே?"

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டிருக்கேன், பாரு."

கெர்ரி வாசலில் நின்று அலுவலகத்துக்குப் பேசினாள். பிறகு உள்ளே வந்து தெல்மாவின் பக்கத்தில் குனிந்து, "தெல்மா, நீங்களே சொல்லுங்க. எடமாத்தலாமா?" என்றாள். இவள் "இல்ல" என்றாள். ஐந்து மணிக்கு அடிக்கிற மணி மாதிரி அவ்வளவு தெளிவாக. போய்விட்டார்கள். உன் வாக்கியத்துக்கு, நான் வேலை பார்த்த உலைக்கூடத்துக் கதவைவிட பலம் இருக்கிறது. நன்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதியதாக வைத்துக்கொள்.

இனி காலையில் கெர்ரி மட்டும் வந்து கட்டிலிலேயே துடைத்துவிட்டுப் போவாளாம். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உருளைக்கிழங்குக் கறியை மசித்துக் கொடுக்கிறேன், சாப்பிடுகிறாள். தலையணையைச் சரிசெய்தால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறாள். இடுப்புக்குக் கீழே ஒரு பென்னிக் காசு அளவுக்குச் சிவந்திருக்கிறது. பவுடர் போடுகிறேன்.

ஆனாலும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடிப் பார்க்கிறேன். வாசல் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கடைக்குக்கூடப் போகிறேன்.

நாரிஸ்


அன்ஸ்ட் தீவு
22 நவம்பர், சனி

அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது தடவை இல்லை.

அந்தச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா, அப்படியே சிவப்பாக இருக்கிறதா? பவுடரை நிறுத்து. கெர்ரியிடம் இன்றைக்கே காட்டு. வெட்கப்படாதே.

இன்னொன்று. அவ்வளவு சுலபமாகப் போய்விட்டார்களே, அது எனக்குப் புரியவில்லை. ஓர் இல்லத்துக்கு அனுப்புவதென்றால் அந்த இல்லத்தின் பெயர் இருக்க வேண்டும், செலவுக் காகிதம் இருக்க வேண்டும், உன் கையெழுத்துக்கு ஒரு படிவம் வந்திருக்க வேண்டும். எதையும் நீ சொல்லவில்லை. எந்த இல்லம்? ஃபைலில் இருக்கிற வரியை ஒரு எழுத்து விடாமல் எனக்கு எழுது. என்மேல் கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், வரியை அனுப்பு.

காற்று ஆரம்பித்துவிட்டது. படகு ஓடுமா தெரியவில்லை.

பெரில்


ஸ்கார்பெக்
1 டிசம்பர், திங்கள்

பெரில்,

அவளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது, ஒன்பது நாள் கழித்து. வெள்ளிக்கிழமை காலை கெர்ரி துடைக்கும்போது, "இது நல்லால்ல நாரிஸ், நர்ஸைக் கூப்பிடறேன்" என்றாள். மத்தியானம் நர்ஸ் வந்தாள். போர்வையை விலக்கினாள். பென்னி அளவு என்று எழுதினேனே, அது இப்போது உள்ளங்கை அளவு. நடுவில் கறுத்திருந்தது. குதிகாலில் இன்னொன்று. அந்த நாற்றம் எனக்கு இரண்டு நாளாக வந்துகொண்டுதான் இருந்தது. சாக்கடை என்று நினைத்தேன், அல்லது நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை நாளாச்சு கட்டிலைவிட்டு எறக்கி?"

"வந்ததுலேருந்து எறக்கல."

"யாரு எறக்க வேண்டாம்னது?"

"யாரும் சொல்லலையே."

அவள் ஃபைலைத் திறந்து என் வாக்கியத்தைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு புண்ணைப் படம் எடுத்தாள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு படம் எடுத்தாள், பெரில்.

"மிஸ்டர் போஸில்வெய்ட், நான் ஒரு பாதுகாப்புக் கவலை எழுப்பியாகணும்."

"தாராளமா எழுப்பும்மா. அவளை யாரும் பாதுகாக்கலைன்னுதான் நானும் சொல்றேன். யார்கிட்டேருந்து பாதுகாப்பு?"

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "உங்ககிட்டேருந்து" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாள் தெல்மாவைத் தனியாக உட்கார்ந்து கேட்டாளாம், 'உங்க புருஷன் உங்களைப் பாக்க வரலாமா?' என்று. இவள் என்ன சொல்லியிருப்பாள் என்று நீயே சொல். அதை எழுதிக்கொண்டுவிட்டார்கள். நான் வார்டு கதவுக்கு வெளியே நின்று, "அவளுக்கு அந்த ஒரு சொல்தான் வரும்" என்று கத்தினேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்" என்றான் காவலுக்கு நின்றவன். மூன்று நாளாகத் தெல்மாவை நான் பார்க்கவில்லை. பதினாறாம் தேதி கூட்டம். அதில் முடிவு செய்வார்களாம்.

நீ கேட்ட வரி இதுதான். ஒரு எழுத்து விடவில்லை:

'இடமாற்றம்: 17.11 முதல். நாளுக்கு நான்கு முறை. இருவர் துணையுடன். எப்போதும் தூக்கும் கருவியைக் கொண்டு.'

நாளுக்கு நான்கு முறை எங்கே கொண்டுபோவார்கள் என்று எனக்கும் புரியவில்லைதான். பயத்தில் அதை யோசிக்கவில்லை. அவள் வந்த அன்றே ஒரு பாரந்தூக்கியைக் கொண்டுவந்து இறக்கினார்கள், சக்கரம் வைத்தது, கொக்கி வைத்தது. அவளை வண்டியில் ஏற்றத்தான் என்று நினைத்துக் கொல்லையில் தள்ளித் தார்ப்பாயால் மூடிவிட்டேன்.

எனக்கு எழுபத்தொன்பது வயது. உலையில் முப்பது வருடம் நின்றபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. நான் என்ன செய்துவிட்டேன், பெரில்?

நாரிஸ்


அன்ஸ்ட் தீவு
4 டிசம்பர், வியாழன்

அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படி.

இடமாற்றம் என்றால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. அவ்வளவுதான். மூன்றடி தூரம். ஒரு நாளில் நான்கு தடவை அவளைத் தூக்கி உட்காரவைக்க இரண்டு பெண்கள் வருவார்கள், அந்தக் கருவியில் துணித்தொட்டில் மாட்டித் தூக்குவார்கள், அதற்குத்தான் அந்தச் சொல். அவளை எங்கும் அனுப்ப யாரும் நினைக்கவே இல்லை. வீட்டிலேயே நல்லபடியாக வைத்துக்கொள்ளத்தான் எல்லாவற்றையும் அனுப்பியிருந்தார்கள்.

நீ அந்தச் சொல்லைச் சொன்னதும் நான் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. எட்டு வருடம் கழித்து அண்ணன் என்னிடம் ஒன்று கேட்கிறான், எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்கிற அவசரம் எனக்கு. பத்தொன்பது வருடம் மேசையில் உட்கார்ந்தேன் என்று பெருமை அடித்தேனே, அது தட்டச்சு மேசை. ஒரு நாளும் ஒருவரையும் கட்டிலிலிருந்து தூக்கியதில்லை. உன் கையை அசைத்தது என் வாக்கியம். அவளுடைய 'இல்லை' நமக்கு நல்லது என்று எழுதியவளும் நான்தான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா விஷயத்திலும் இதேதான். ஓய்வுத் தங்கல், இரண்டு வாரம் என்றுதான் அடித்தேன். இரண்டு வாரம் என்றுதான் நம்பினேன். மூன்றாவது வாரம் அவர்கள் தேதியை மாற்றியபோது எனக்குத் தெரிந்தது. உன்னிடம் சொல்லப் பயந்தேன். எட்டு வருடமாக நான் ஒத்திகை பார்த்த பதிலில் இந்தக் கடைசி வரி இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. வார்டில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் இருப்பார். 'தொடர்பு உதவி இல்லாமல் என் மனைவியிடம் எதையும் கேட்டுப் பதிவு செய்யாதீர்கள்' என்று அவரிடம் எழுதிக் கொடு. ஆமாம், மறுபடியும் என் வாக்கியம்தான். இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்து அங்கே ஒருத்தியிடம் படித்துக் காட்டிச் சரியா என்று கேட்டுவிட்டேன். அண்ணியைப் பற்றி விசாரித்ததற்கு, தகவல் சொல்ல அனுமதி இல்லை என்று வைத்துவிட்டாள். உனக்குச் சொல்லி அனுப்ப உன் எதிர்வீட்டு எண்ணுக்கு அடித்தால் இப்போது அது ஒரு முடிவெட்டும் கடை.

கூட்டத்தில் 'மன இசைவுத் திறன்' என்பார்கள். அவளுக்குப் பைத்தியமா என்று அர்த்தமில்லை. கேட்பது புரிந்து தானே முடிவெடுக்க முடிகிறதா என்று பார்ப்பது. 'வழக்கு முடிக்கப்பட்டது' என்றால் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தம், சந்தோஷப்படாதே. புரியாத சொல் வந்தால் தலையாட்டாதே. கையைத் தூக்கிக் கேள்.

கூடவே ஓர் உறை இருக்கிறது, ஒட்டியது. கூட்டத்தை நடத்துகிறவருக்கு. அந்த வாக்கியம் என்னுடையது, அண்ணனுக்கு நான்தான் தவறாகச் சொல்லிக் கொடுத்தேன், விசாரணை என்மேல் நடக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கட்டாயம் கொடு.

பெரில்

7 டிசம்பர். மூன்று நாளாகப் படகு இல்லை. இந்தக் கடிதம் இன்னும் தபாலகத்தில் மூட்டைக்குள் கிடக்கிறது. கெஞ்சி வாங்கி இதை எழுதுகிறேன். பதினாறுக்குள் உனக்குக் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.


ஸ்கார்பெக்
17 டிசம்பர், புதன்

பெரில்,

வெள்ளிக்கிழமை கிடைத்தது. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மூன்றடி தூரம் என்கிற வரியைத் திரும்பவும் படித்தேன். பிறகு கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை எடுத்தேன். கருவியில் மழைத்தண்ணீர் நின்று கொக்கி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்தேன், இருட்டும்வரை.

உன் வாக்கியத்தைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கொடுத்தேன். டெஸ்மண்ட் என்று பெயர், காதில் தோடு போட்டிருக்கிறான். அன்றைக்கே போய்த் தெல்மாவிடம் ஒரு கோப்பையை நீட்டி, "இது டீயா?" என்றானாம். "இல்ல." "காப்பியா?" "இல்ல." "அப்ப நான் கொண்டுபோயிடவா?" "இல்ல" என்று சொல்லிக்கொண்டே கோப்பையைப் பிடுங்கிக் குடித்தாளாம். அதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதேன். சனிக்கிழமை என்னை உள்ளே விட்டார்கள், ஒரு நர்ஸ் பக்கத்தில் நிற்க.

நேற்றுக் கூட்டம். ஏழு பேர். தெல்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று தடவை கையைத் தூக்கி, "அந்த சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். மூன்றாவது தடவை அவர்களிலேயே இரண்டு பேருக்குத் தெரியவில்லை.

பிறகு டெஸ்மண்ட் படங்களைப் பரப்பினான். வார்டு, ஓர் இல்லம், நம் வீட்டு வாசல். எங்கே இருக்கணும் என்றான். 'இல்ல' என்றுகொண்டே இடது கையை நம் வீட்டுப் படத்தின்மேல் வைத்தாள், எடுக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அப்போது கூட்டத்தை நடத்துகிற அம்மாள், "வீட்ல இருந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க" என்றாள். அவன் முகங்கள் வரைந்த அட்டையைக் காட்டினான், சிரிக்கிறது, அழுகிறது, எல்லாம். இவள் பயந்த முகத்தைத் தொட்டாள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எதைப் பாத்து பயம்?" என்று அவன் படங்களைக் காட்டினான். என் படமும் அதில் இருந்தது. அதைத் தள்ளிவிட்டாள். கருவியின் படத்தைத் தள்ளிவிட்டாள். கட்டிலைத் தொட்டாள். இரண்டு தடவை தொட்டாள்.

வாசலில் சங்கிலி போட்டுக்கொண்டு நான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் முழுக்க அவள் அந்த ஒரே கட்டிலில் வலியோடு படுத்து, எழுப்ப மாட்டார்களா என்று பயந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்டபோதெல்லாம் 'இல்ல' என்றுதான் வந்திருக்கிறது. அது அவள் சொல்ல நினைத்ததாக இருக்காது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

உன் உறையை நான் கொடுக்கவில்லை. பையில்தான் இருந்தது. கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். வாக்கியம் உன்னுடையதுதான். ஆனால் முகம் சுளித்ததைப் பார்த்தது நான். சிவந்ததைப் பார்த்தது நான். நாற்றத்தைச் சாக்கடை என்று சொல்லிக்கொண்டதும் நான்தான். வீட்டுக்கு வந்து உறையை அடுப்பில் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, இனி அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம். அம்மா விஷயமும் அதோடு போகட்டும்.

இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கெர்ரியும் இன்னொருத்தியும் நாளுக்கு நான்கு தடவை வருவார்கள். நர்ஸ் ஒன்றுவிட்டு ஒருநாள் புண்ணைப் பார்ப்பாள். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து என்னைப் பார்ப்பார், அவளை அல்ல. படகு ஓடினால் நீயும் வா. பின்னறையில் படுக்கை போட்டு வைக்கிறேன்.

கூட்டத்தின் முடிவை ஒரே ஒரு தாளில் கொடுத்தார்கள். என் பெயருக்கு நேரே அச்சடித்திருக்கிறது: 'புறக்கணிப்பு. உறுதி செய்யப்பட்டது.' அந்தச் சொல்லுக்கு மட்டும் நீ அர்த்தம் எழுதி அனுப்ப வேண்டாம்.

நாரிஸ்